ஒரே கரையோரம், நாலு குடித்தனம்: டால்பின்களின் பங்கீட்டைப் படிக்க மலையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரிக்காரர்களுக்குக் கடல் ஒரு முழுப் பகல் தூரம். விடிவதற்கு முன் பஸ் ஏறி ஊட்டி, கூடலூர், நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர் என்று இறங்கிக்கொண்டே போனால், பொழுது சாய்வதற்குள் பேப்பூரின் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். எங்கள் பள்ளி இயற்கை மன்றப் பிள்ளைகளை நான் முதன்முதலில் அங்கே கூட்டிப்போனபோது, சாலியாறு கடலில் சேரும் வாயில் இரண்டு டால்பின்களின் சாம்பல் முதுகுகள் எழுந்து அமிழ்ந்தன. எல்லோரும் கத்தினார்கள். கொஞ்ச நேரம் நின்றோம், பஸ் ஏறிவிட்டோம். திரும்பி வரும்போது நாடுகாணி ஏற்றத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "டீச்சர், இந்தக் கடலோரத்துல நாலு வகை இருக்குன்னு சொன்னீங்க. எல்லாமே மீன்தான் திங்குது. அப்ப ஒண்ணோட சோத்துல இன்னொண்ணு கை வைக்காதா?"

அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரி பதில்கூட இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மலையிறங்குகிறோம். மலையில் இருக்கும்போதே எப்படித் தயாராவது, கடலில் எங்கே நின்று எதைக் குறிப்பது, குறித்ததை எப்படிப் படிப்பது என்று நாங்கள் பழகிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பைனாகுலர், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

முதலில் கேள்வி

1934ல் ரஷ்ய உயிரியலாளர் காஸ் ஒரு சோதனையை வெளியிட்டார். பரமீசியம் என்னும் நுண்ணுயிரில் இரண்டு இனங்களைத் தனித்தனிக் குழாயில் வளர்த்தபோது இரண்டும் பெருகின. ஒரே குழாயில் ஒரே தீனி போட்டு வளர்த்தபோது ஒன்று நிலைத்தது, மற்றது மெல்ல மெல்ல அழிந்தது. ஒரே இடத்தில் ஒரே இரையை ஒரே விதமாக நம்பும் இரண்டு இனங்கள் நெடுநாள் சேர்ந்து பிழைக்க முடியாது என்பது அதன் சாரம். அப்படியானால், ஒரு கரையோரத்தில் நான்கு இனங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன என்றால், எங்கேயோ ஒரு வேறுபாடு இருந்தே ஆகவேண்டும். அதைத் தேடுவதுதான் நம் வேலை.

எஸ்டேட் லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க நேரம் ஆகாது. பத்து வீட்டுக்கு ஒரு குழாய். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இருட்டோடு வந்து பிடித்துவிடுவார்கள். பாக்டரி ஷிப்டுக்காரர்கள் வேறு நேரம் வருவார்கள். துணி துவைக்க ஓடைக்கே போய்விடும் வீடும் உண்டு. குடத்துக்குக் குடம் இடித்துக்கொள்ளும் நாளும் வரும், ஆனாலும் லைன் நடக்கிறது. கடலிலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த ஆழம், எந்த நேரம், எந்த இரை, எந்தப் பருவம். நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நான்கையும் பெரிதாக எழுதி வையுங்கள்.

முதல் படி: சோலையில் பழகுங்கள்

கடலில் விலங்கு இரண்டு வினாடிதான் தெரியும். பழகாத கண்ணோடு அங்கே போய் நின்றால் முதுகைப் பார்த்த சந்தோஷம் மட்டும் மிஞ்சும். அதனால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே பயிற்சியைச் சோலையில் தொடங்குங்கள். நாங்கள் போவது கோத்தகிரிக்குப் பக்கத்து லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் காடு, இப்போது ராம்சர் தலமும்கூட, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் உள்ள இடம். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும்.

இந்த முறையை நாங்கள் எடுத்துக்கொண்டது ராபர்ட் மெக்கார்தர் என்ற அமெரிக்க ஆய்வாளரிடமிருந்து. ஒரே ஊசியிலை மரத்தில் ஒரே மாதிரிப் பூச்சி தின்னும் ஐந்து கதிர்க்குருவி இனங்கள் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று அவர் பார்த்தார். மரத்தை மேலிருந்து கீழாகவும், தண்டிலிருந்து இலைநுனி வரையும் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, எந்தக் குருவி எந்தப் பகுதியில் எத்தனை வினாடி இருந்தது என்று எண்ணினார். 1958ல் வந்த அந்தக் கட்டுரை இன்றைக்கும் பாடம்.

நோட்டில் ஒரு மரத்தை வரையுங்கள். தரை, இடுப்பு உயரம், நடுக்கிளை, உச்சி, தண்டு என்று ஐந்து கட்டம் போடுங்கள். சோலையில் குருவிகள் பல இனங்களாகச் சேர்ந்து கூட்டமாக நகரும். அந்தக் கூட்டம் வரும்வரை ஓரிடத்தில் அசையாமல் உட்காருங்கள். வந்ததும் ஆளுக்கு ஒரு இனம் என்று பிரித்துக்கொண்டு, பத்து வினாடிக்கு ஒரு முறை அது இருக்கும் கட்டத்தில் ஒரு கோடு.

எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான். ஒரு பையன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலடி தள்ளி, பாசி படிந்து விழுந்துகிடந்த மரத்தின் மேல் வந்து அமர்ந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. வால் ஒரு துடிப்பு. கீழே இலைக்குப்பைக்குள் பாய்ந்து எதையோ கொத்திக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பியது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டான். அந்த அரைமணி நேரத்தில் அது அவன் தலை உயரத்துக்கு மேலே ஒரு தடவைகூடப் போகவில்லை. அதே நேரம் நீலகிரி ஈப்பிடிப்பான் நடுக்கிளையிலும் அதற்கு மேலும் இருந்தது. வெள்ளைக்கண்ணிகள் இலை இலையாகத் தடவின. நெற்றி கறுத்த, சிவந்த அலகுள்ள நீலக்குருவி ஒன்று தண்டில் தலைகீழாக இறங்கியது. புதருக்குள் சிரிப்பான்கள் பழம் பொறுக்கின.

இரண்டு காலை இப்படி எண்ணியபின் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தோம். ஒவ்வொரு தாளிலும் கோடுகள் வேறு வேறு இடத்தில் திரண்டிருந்தன. ஆனால் எந்தத் தாளும் சுத்தமாகப் பிரிந்திருக்கவில்லை. வெள்ளைக்கண்ணி கீழேயும் வந்திருக்கிறது, நீலகிரி ஈப்பிடிப்பான் புதரிலும் ஒரு கோடு வாங்கியிருக்கிறது. இதைப் பிள்ளைகள் மனதில் நன்றாகப் பதிய வையுங்கள். பங்கீடு என்றால் வேலி இல்லை. யார் எங்கே அதிகம் என்பதுதான் பங்கீடு. இது புரியாமல் கடலுக்குப் போனால், இரண்டு இனத்தை ஒரே இடத்தில் பார்த்த அன்றே எல்லாம் பொய் என்று நோட்டை மூடிவிடுவார்கள்.

இரண்டாம் படி: குடித்தனக்காரர்களை அறிந்துகொள்ளுங்கள்

தமிழில் ஓங்கில் என்று நல்ல பெயர் இருக்கிறது. மீனவர்கள் பலர் கடல்பன்னி என்பார்கள். மலபார்க் கரையில் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை நான்கு. இன்னும் பல இனங்கள் ஆழக்கடலில் உண்டு. தொடங்குவதற்கு இந்த நான்கு போதும்.

முதலாவது கூன்முதுகு டால்பின். 1829ல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இதை விவரித்தது மலபார்க் கரையிலிருந்து போன மாதிரியை வைத்துத்தான். பிளம்பியா என்ற அதன் அறிவியல் பெயருக்கு ஈயத்தின் நிறம் என்று பொருள். நேரில் பார்த்தால் அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது என்று தோன்றும். முதுகின் நடுவே மாட்டுத் திமில் போல ஒரு நீண்ட மேடு, அதன் உச்சியில் சின்னத் துடுப்பு. மூச்சுவிட வரும்போது முதலில் நீண்ட அலகு சாய்வாக வெளியே வரும், பிறகு திமில் வளைந்து தெரியும், பல சமயம் கடைசியில் வால் மேலே எழும். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 25 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில், ஆற்றுவாய், கழிமுகம், பாறைக்கரை ஓரமாகவே வாழ்க்கை நடத்தும். மடவை, கத்தாளை, மத்தி போன்றவை அதன் இரை. நம் கரையில் கூட்டம் சிறியது, அநேகமாகப் பத்துக்குள். உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட இனம் இது.

இரண்டாவது இந்திய-பசிபிக் புட்டிமூக்கு டால்பின். திமில் கிடையாது. துடுப்பு உயரமாக, நுனி பின்னோக்கி அரிவாள் போல வளைந்திருக்கும். வளர்ந்தவற்றின் வயிற்றில் புள்ளிகள் இருக்கும், ஆனால் கரையிலிருந்து அது தெரியாது. கரையோரம்தான் இதற்கும் வீடு, ஆனால் கூன்முதுகைவிடக் கொஞ்சம் வெளியே, தெளிந்த தண்ணீரில், பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு இருக்கும் இடங்களில். அடித்தள மீன், பார் மீன், கணவாய் தின்னும்.

மூன்றாவது சுழல் டால்பின். மெலிந்த உடம்பு, நீண்ட மெல்லிய அலகு, முதுகிலிருந்து வயிறு வரை மூன்று அடுக்கு நிறம். தண்ணீரிலிருந்து எம்பி, உடம்பைத் தன் அச்சிலேயே ஏழு சுற்று வரை சுழற்றும். இரவில்தான் இதற்குச் சாப்பாடு. ஆழக்கடலில் பகலெல்லாம் இருட்டில் பதுங்கியிருக்கும் விளக்குமீன், சிறு கணவாய், இறால் எல்லாம் இரவில் மேலே ஏறி வரும். அந்த நேரம் பார்த்து 200 மீட்டருக்கும் கீழே முக்குளித்து வேட்டையாடும். பகலில் ஓய்வு. நூற்றுக்கணக்கில் கூட்டமாகப் போகும்.

நான்காவது துடுப்பில்லாக் கடல்பன்றி. இது டால்பின் குடும்பமே இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம். முதுகில் துடுப்பே கிடையாது, சின்னச் சின்னப் புடைப்புகள் கொண்ட ஒரு வரம்பு மட்டும். ஒன்றரை மீட்டர் சுமாருக்கு வளரும். தனியாகவோ இரண்டாகவோ வரும், துள்ளாது, படகைக் கண்டால் விலகும். அதன் ஒலித்துடிப்புகள் நொடிக்கு ஒரு லட்சம் அதிர்வுக்கு மேல் என்பதால் மனிதக் காதுக்கு எட்டவே எட்டாது. டால்பின்களைப் போல அது சீட்டியும் அடிப்பதில்லை. நான்கில் மிகவும் சிரமம் இதைப் பார்ப்பதுதான். கண்ணாடி போலக் கடல் கிடக்கும் நாளில் மட்டும் முயலுங்கள்.

பல்லை வைத்தும் ஒரு பாடம் நடத்தலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சுழல் டால்பினின் மெல்லிய தாடையில் ஒரு பக்கத்துக்கு 40க்கும் மேற்பட்ட ஊசிப் பற்கள். கூன்முதுகுக்கு 30 சொச்சம். புட்டிமூக்குக்கு 20 சொச்சம், தடித்தவை. கடல்பன்றியின் பற்கள் கூம்பாக இல்லாமல் சின்ன மண்வெட்டி போலத் தட்டையாக இருக்கும். சிறு வழுக்கு இரையை விரைந்து கவ்வும் வாயும், அடித்தளத்தில் பெரிய மீனைப் பிடிக்கும் வாயும் ஒன்றாக இருக்க முடியாது. எந்த இரை என்ற நம் மூன்றாவது கேள்விக்குத் தாடையிலேயே பாதி விடை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கூன்முதுகின் குட்டிக்குத் திமில் சரியாக எழும்பியிருக்காது. இரண்டாவது வருடம் நாங்கள் ஒரு பெரியதையும் ஒரு சின்னதையும் பார்த்துவிட்டு, கூன்முதுகும் புட்டிமூக்கும் சேர்ந்து போகின்றன என்று உற்சாகமாக எழுதினோம். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது தாயும் குட்டியும். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. சிவப்பு மையால் திருத்தி அப்படியே வைத்திருக்கிறோம், புதிதாக மன்றத்தில் சேரும் பிள்ளைகளுக்குக் காட்ட.

மூன்றாம் படி: தண்ணீரின் வழியைத் தொடருங்கள்

மலைக்காரர்களுக்கு இது சொந்த விஷயம். நீலகிரியின் மழை இரண்டு கடலுக்குப் போகிறது. கோத்தகிரிச் சரிவில் விழுவது பவானியில் இறங்கி, காவிரியில் கலந்து, பூம்புகாரில் வங்கக் கடலைச் சேருகிறது. கூடலூர்ப் பக்கம் விழுவது பாண்டியாறு, புன்னம்புழை என்று ஓடி, சாலியாற்றோடு பேப்பூரில் அரபிக்கடலைச் சேருகிறது. பயணத்துக்கு முன் ஒரு வரைபடத்தை விரித்து, பென்சிலால் இந்த இரண்டு கோட்டையும் பிள்ளைகளே வரையட்டும்.

ஏன் இது முக்கியம் என்றால், ஆற்றுவாயில் கடல் ஒரே மாதிரி இருப்பதில்லை. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் படரும், வண்டல் கலங்கும், அந்தக் கலங்கலில் சிறுமீன் கூடும். கூன்முதுகு டால்பின் அந்தக் கலங்கலில் கண்ணை நம்பாமல் ஒலியால் இரை தேடிப் பிழைக்கத் தெரிந்தது. தெளிந்த தண்ணீரை விரும்பும் மற்றவை தள்ளியே நிற்கும். தேவாலாவில் கொட்டும் ஜூன், ஜூலை மழையில் அந்தச் செந்நீர் நாக்கு கடலுக்குள் நீளும், கோடையில் சுருங்கும். அதனால் ஆழக் கோடு போலவே இந்த நிறக் கோடும் ஒரு எல்லை. முகத்துவாரத்தில் நின்றதும் முதல் வேலையாகத் தண்ணீர் எங்கே நிறம் மாறுகிறது என்று நோட்டில் வரையுங்கள்.

நான்காம் படி: நிற்கும் இடமும் அளக்கும் விதமும்

காலமாக நாங்கள் எடுத்துக்கொள்வது பொங்கல் கழிந்த வாரம். கடல் அடங்கியிருக்கும். மேற்குக் கரையில் காலைச் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பதால் முதுகும் துடுப்பும் துல்லியமாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் கடல்காற்று ஏறி வெண்நுரை கிளம்பிவிட்டால் நோட்டை மூடிவிடுங்கள். அதற்கப்புறம் பார்க்கிற ஒவ்வொரு அலையும் முதுகாகத் தெரியும். சாயங்காலம் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், அப்போது எடுத்த குறிப்பை நான் நம்புவதில்லை.

ஆற்றுவாயில் அலை தடுக்கப் போட்டிருக்கும் கல்லணை மேல் நில்லுங்கள். பாறைகள் வழுக்கும், பிள்ளைகளை விளிம்புக்கு விடாதீர்கள். முதல் பத்து நிமிடம் பைனாகுலரைத் தொடவே வேண்டாம். வெறுங்கண்ணால் இடமிருந்து வலமாக மெல்ல ஓட்டுங்கள். எதுவும் அசைந்தால் மட்டும் பைனாகுலர்.

தூரத்தை அளப்பதுதான் இந்தப் படியின் உயிர். ஊகித்து எழுதினால் ஒருவர் 200 மீட்டர் என்பார், இன்னொருவர் ஒரு கிலோமீட்டர் என்பார். ஸ்கேலை எடுங்கள். முதலில் உங்கள் கண் கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கயிற்றில் கல் கட்டி அணையிலிருந்து தண்ணீர் வரை விட்டு அளந்து, உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் போதும். அது 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கையை நீட்டி ஸ்கேலைக் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். சுழியத்தைத் தொடுவானக் கோட்டில் வைத்து, விலங்கு அதற்குக் கீழே எத்தனை மில்லிமீட்டரில் தெரிகிறது என்று படியுங்கள். 11 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய கால் கிலோமீட்டர். 5 என்றால் அரை கிலோமீட்டர். 2க்குச் சற்று மேல் என்றால் ஒரு கிலோமீட்டர். தொடுவானமே அந்த உயரத்திலிருந்து 8 கிலோமீட்டர்தான். நின்ற உயரம் மாறினால் கணக்கும் மாறும். கணித ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஒரே வகுப்பில் அட்டவணை போட்டுத் தந்துவிடுவார். எங்கள் பள்ளியில் அப்படித்தான் நடந்தது.

ஒவ்வொரு காட்சிக்கும் மணி, தூரம், திசை, எத்தனை, குட்டி உண்டா, என்ன செய்துகொண்டிருந்தது, கடல் ஏற்றமா இறக்கமா, தண்ணீரின் நிறம் என்று எழுதுங்கள். எதுவும் தெரியாத அரைமணி நேரத்தையும் எழுதுங்கள். அரைமணி நின்றும் காணவில்லை என்பதும் ஒரு விடைதான். அந்த வெற்று வரிகள் இல்லாவிட்டால் காலையில் அதிகமா மாலையில் அதிகமா என்று ஒருநாளும் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: கடலோடியிடம் கேளுங்கள்

கரையில் நின்று ஒரு கிலோமீட்டர் பார்க்கலாம். அதற்கு வெளியே நடப்பதைச் சொல்லக்கூடியவர்கள் படகில் போகிறவர்கள். பேப்பூரில் குமரி மாவட்டத்து மீனவர்களும் தொழில் செய்கிறார்கள், அதனால் தமிழிலேயே பேசலாம். வலை பிரிக்கும் நேரத்தில் போய்க் குறுக்கே நிற்காதீர்கள். வேலை முடிந்து டீக்குடிக்கும் நேரம் போங்கள். வகைப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். படத்தைக் காட்டி, எத்தனை பாகத்தில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பாகம் என்பது அவர்கள் ஆழத்தை அளக்கும் அளவு, ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர்.

குளச்சல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் படங்களைத் தொடையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், இந்தக் கூனன் பத்துப் பாகம் தாண்டி வராது. இந்தா, இந்த மெலிஞ்சது, இது பத்துப் பாகத்துக்கு உள்ள வராது. வெளியில ராத்திரி லைட்டு போட்டா கணவா வரும், அது பொறத்தால இது வரும். பகல்ல பாத்தா சும்மா கெடக்கும், விளையாடும், திங்காது."

ஆழம், நேரம், இரை மூன்றும் அந்த நாலு வரியில் வந்துவிட்டன. நான் புத்தகத்தில் படித்ததை அவர் படகில் படித்திருக்கிறார். கடல்பன்றியின் படத்தைக் காட்டியபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இது உசிரோட பாத்ததை விட வலையில பாத்ததுதான் கூட" என்றார். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் சொல்லில் மாற்றாதீர்கள்.

ஆறாம் படி: குறித்ததைப் படியுங்கள்

மலைக்குத் திரும்பியதும் ஒரு பெரிய சார்ட்டில் கரையை வரைந்து, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிறப் புள்ளி வையுங்கள். அதன் கீழே 24 மணி நேரத்துக்கு ஒரு பட்டை, 12 மாதத்துக்கு ஒரு பட்டை. எங்கள் சார்ட்டில் கூன்முதுகின் புள்ளிகள் ஆற்றுவாயிலும் கரையை ஒட்டியும் திரண்டன. பெரியவர் சொன்ன சுழல் டால்பின் புள்ளிகள் வெளியே, இரவுப் பட்டையில் விழுந்தன. நடுவில் புட்டிமூக்குக்குக் கொஞ்சம்தான், அதுவும் இரண்டு பக்கமும் கலந்து.

கலந்திருப்பதைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் கிளீவ்லாந்து விரிகுடாவில் மழுங்குதுடுப்பு டால்பினும் கூன்முதுகு டால்பினும் ஒரே நீரில் வாழ்கின்றன. 2006ல் வந்த ஆய்வின்படி இரண்டின் நடமாட்டமும் பெரிதும் ஒன்றின் மேல் ஒன்று படிகிறது. ஆனால் முதலாவது 1 முதல் 2 மீட்டர் ஆழத்தையும் கடற்புல் படுகையையும் அதிகம் விரும்புகிறது. இரண்டாவது 2 முதல் 5 மீட்டர் ஆழத்தையும் தூர்வாரிய கால்வாய்களையும். ஓர் ஆள் உயர வித்தியாசம்தான். அது போதுமாக இருக்கிறது. ஹாங்காங்கில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. முத்தாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய மேற்குப் பக்கம் அங்கத்திய கூன்முதுகு டால்பினுக்கு, உப்பு மிகுந்த தெற்கும் கிழக்கும் துடுப்பில்லாக் கடல்பன்றிக்கு. லாண்டவ் தீவின் தெற்கில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கடல்பன்றி மிகுதியாக வரும், பிறகு கிழக்கே நகர்ந்துவிடும். நம் மூன்றாம் படியில் பார்த்த ஆற்றுநீர் நாக்குதான் அங்கேயும் எல்லை போடுகிறது.

எல்லாம் இணக்கமாக நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். கிளீவ்லாந்தில் கூன்முதுகுகள் மழுங்குதுடுப்புகளைத் துரத்துவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மோரே கடற்கழியில் புட்டிமூக்கு டால்பின்கள் கடல்பன்றிகளை இடித்தே கொன்றிருக்கின்றன. 1996ல் அது வெளிவந்தது. இதற்கு நேர்மாறாக, சான்சிபாரின் மெனாய் விரிகுடாவில் கூன்முதுகும் புட்டிமூக்கும் ஒரே கூட்டமாகப் போவதும் உண்டு. நம் சோலைக் குருவிக் கூட்டம் மாதிரி.

ஏழாம் படி: கண்ணுக்குத் தெரியாத சாப்பாட்டுக் கணக்கு

இந்தப் படியை நாம் செய்ய முடியாது, ஆனால் புரிந்துகொள்ள முடியும். அதற்கான திறவுகோல் நம் மலையிலேயே இருக்கிறது. நீலகிரியின் புல்வெளிப் பள்ளங்களில் கறுத்த கரிச்சேறு படிந்து கிடக்கிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பனின் கனத்தது, லேசானது என்ற இரண்டு வகையை வெவ்வேறு அளவில் உடம்பில் சேர்ப்பதால், அந்தச் சேற்றின் கார்பனை அளந்து எந்தக் காலத்தில் புல் ஓங்கியது, எந்தக் காலத்தில் சோலை ஓங்கியது என்று சொல்லலாம். ஆய்வாளர் சுகுமாரின் குழுவினர் 1993ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் அப்படித்தான் பல ஆயிரம் வருடக் கதையைப் படித்துக் காட்டினார்கள்.

டால்பினின் தோலிலும் அதே கணக்கு எழுதியிருக்கிறது. கரையோர உணவுச்சங்கிலியில் கனத்த கார்பன் அதிகம், வெளிக்கடலில் குறைவு. உணவுச்சங்கிலியில் ஒரு படி ஏற ஏற கனத்த நைட்ரஜன் கூடும். சிறு தோல்துணுக்கு கிடைத்தால் அந்த விலங்கு வாரக்கணக்கில் எங்கே, எந்த அடுக்கில் சாப்பிட்டது என்று தெரிந்துவிடும். இந்தியப் பெருங்கடலில் மயோட் தீவைச் சுற்றி 2011ல் வெளிவந்த ஆய்வு, பவளப்பாறைக்கு உள்ளே வாழும் புட்டிமூக்குக்கும் வெளியே வாழும் மற்ற இனங்களுக்கும் உள்ள சாப்பாட்டு வேறுபாட்டை இப்படித்தான் பிரித்தது. குறிப்பேடு இடத்தைச் சொல்லும், தோல் சாப்பாட்டைச் சொல்லும்.

எட்டாம் படி: பார்க்கப் போன இடத்தில் தொந்தரவு செய்யாதீர்கள்

ஒரு வருடம் நாங்கள் கல்லணையில் நின்றபோது, சுற்றுலாப் படகு ஒன்று தாயும் குட்டியும் மேயும் இடத்துக்குள் முழு வேகத்தில் பாய்ந்து வட்டமடித்தது. இரண்டும் போனவை அன்று திரும்பவில்லை. சுழல் டால்பினை விரட்டினால் அதற்குப் போக்கிடமாவது உண்டு. கூன்முதுகு நிற்பது கரைக்கும் பத்துப் பாகத்துக்கும் இடையிலான ஒரு நாடா. அதே நாடாவில்தான் துறைமுகம், வலை, சாக்கடை, மணல் அள்ளும் கப்பல் எல்லாம். படகில் போனால் ஓட்டுநரிடம் முன்பே சொல்லுங்கள்: துரத்தக்கூடாது, முன்னால் வெட்டக்கூடாது, தள்ளி நின்று இஞ்சினை மெதுவாக்க வேண்டும். இந்த விலங்குகள் 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.

உயிரோடு கரை ஒதுங்கியதைக் கண்டால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். தலைமேல் உள்ள மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகாமல் பார்த்து, ஈரத்துணி போர்த்தி, நிழல் செய்து, கூட்டத்தை விலக்கி, உடனே வனத்துறைக்கும் கடலோரக் காவலுக்கும் சொல்லுங்கள்.

எங்கள் மன்ற அறையில் லாங்வுட் மரமும் பேப்பூர்ச் சார்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. சார்ட்டின் மாதப் பட்டையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வெறுமையாகவே கிடந்தது. மழையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த அணைமேல் நிற்க முடியாது. அதனால் குளச்சல் பெரியவரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். போன ஆகஸ்டில், கூடலூர்ச் சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுபோன ஒரு நாள், அவரே கூப்பிட்டார். "டீச்சர், உங்க மலைத்தண்ணி இங்க செவந்து கெடக்கு. கூனன் ரெண்டு வாய்க்குள்ளயே நிக்குது, காலையில இருந்து." மணி, ஏற்றமா இறக்கமா, தண்ணீரின் நிறம் எதுவரை என்று கேட்டு, ஆகஸ்ட் கட்டத்தில் இரண்டு புள்ளி வைத்தோம்.